செம்பருந்து மீது ஒரு விசாரணை

முப்பத்து நான்கு வருட அரசுப் பணியில் அலுவல் நிமித்தமாக நான் பார்த்த சினிமா ஒன்றே ஒன்றுதான். அதுவும் கார்ட்டூன். பார்த்துவிட்டு, அதில் யார் யாரைக் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள் என்று இரண்டு பிரதிகளில் அறிக்கை கொடுத்தேன்.

இப்போது பள்ளிக்கூடங்களிலேயே படம் போட்டுக் காட்டுகிறார்கள். முடிந்ததும் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்கிறார்களாம். என் நாற்காலியில் இப்போது இருக்கும் மாரிச்செல்வி போன மாதம் போன் செய்தாள். "சார், உங்க காலத்துக் கார்ட்டூன் படக் கோப்பு இருக்குல்லா? ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லுதாங்க. நீங்களே எழுதிக் குடுத்திருங்களேன்" என்றாள். ஆளாளுக்குச் சொல்வதில் பாதிப் பேர் என்னை அந்தக் கோப்பில் மாட்டிய டீச்சரைக் காப்பாற்றியவன் என்கிறார்கள். மீதிப் பேர் கெடுத்தவன் என்கிறார்கள். இரண்டு கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

கல்வித்துறை அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்து, தபால் பதிவேடு, ஓய்வூதியப் பிரிவு, பள்ளிப் பிரிவு என்று நகர்ந்து, கடைசி ஆறு வருடம் கண்காணிப்பாளராகத் தென்காசியில் உட்கார்ந்தேன். இதில் நான் கற்றுக்கொண்ட வித்தை என்ன என்று கேட்டால், குரங்குக் கோப்பைச் சொல்வேன். குற்றாலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் குரங்கு ஒன்று ஜன்னல் வழியாக வந்து ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய், வேப்பமரத்தில் உட்கார்ந்து ஜூன் மாதத்தைக் கிழித்துத் தின்றுவிட்டது. தலைமையாசிரியை நடந்ததை நடந்தபடி எழுதினார். "மேற்படி குரங்கிடமிருந்து பதிவேட்டினை மீட்க மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகள் யாவை" என்று கேட்டு வரைவு வைத்தது நான்தான். அவர் மூன்று முறை பதில் அனுப்பினார். மூன்றாவது பதிலில் குரங்கு இல்லை. "இயற்கைச் சேதம்" இருந்தது. கோப்பு முடிந்தது. நடந்ததை எழுதினால் கோப்பு வளரும், நடக்காத மாதிரி எழுதினால் முடியும். இந்த ஞானத்துக்காகத்தான் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் அதிகாரியை எல்லோரும் அய்யா என்றே அழைப்போம். அதிர்ந்து பேச மாட்டார். யாரையும் நிற்க வைத்துத் திட்ட மாட்டார். கோப்பு அவர் மேஜைக்குப் போனால், ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு சொல் எழுதித் திரும்பி வரும்: "பேசுக". பேசப் போனால் பேசுவார். சர்க்கரை அளவு, பண்பொழிக்குப் போகிற வழியில் வாங்கிய மாம்பழம், மகளுக்கு வந்த வரன் எல்லாம் பேசுவார். நடுவில் எங்காவது கோப்பைப் பற்றி அரை வாக்கியம் வரும். அந்த அரை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நாம் முழு உத்தரவாக எழுத வேண்டும். சரியாக எழுதினால் கையெழுத்துப் போடுவார். பின்னால் வில்லங்கம் வந்தால், "நான் அப்பிடிச் சொன்னேனாவே?" என்று வருத்தமாகக் கேட்பார். அவர் சொல்லியிருக்கவும் மாட்டார். அவர் கையால் எழுதிய எதிலும், "பேசுக" தவிர, ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது.

நான் ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருந்தபோது அந்தக் கோப்பு வந்தது.

தென்காசிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. அங்கே ஆங்கில ஆசிரியை தெய்வக்கனி. ஆடி மாதம், நல்ல சாரல். எண்பத்தாறு பெண் பிள்ளைகளை இரண்டு பஸ்ஸில் ஐந்தருவிக்குச் சுற்றுலா கூட்டிப் போக முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறார். போய் இறங்கினால் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. மெயின் அருவியிலும் தடை. நனைந்துகொண்டு நின்ற பிள்ளைகளை அப்படியே வீட்டுக்குக் கூட்டிப் போக மனமில்லாமல், டீச்சர் அவர்களைத் தென்காசியில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப் போனார். சுவரொட்டியில் செம்பருந்தும் அலைமகளும் இருந்தார்கள்.

இவர்கள் யார் என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் கார்ட்டூன் வீரர்கள். டிவியில் வருடக்கணக்காகத் தமிழ் பேசிக்கொண்டிருந்தவர்கள். செம்பருந்து பறந்து வந்து ஆபத்தில் இருப்பவர்களைத் தூக்கிக் காப்பாற்றுவான். அலைமகள் தண்ணீரில் விழுந்தவர்களை மீட்பாள். பிள்ளைகளின் பைகளில், தண்ணீர் பாட்டிலில், பென்சில் டப்பாவில் எல்லாம் இவர்கள்தான். ஆனால் இந்தப் படத்தை எடுத்தவர்கள் அதே வீரர்களை வேறு மாதிரி ஆக்கியிருந்தார்கள். அது சுவரொட்டியில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு புகார் வந்தது. அனுப்பியவர் அந்தப் பள்ளிக்கு வருடந்தோறும் இலவச நோட்டு கொடுக்கும் பெரிய மனிதர். பிள்ளைகள் அவரை நோட்டு அண்ணாச்சி என்பார்கள். ஜல்லி, எம்-சாண்ட் தொழில், பத்துப் பன்னிரண்டு லாரிகள். அருவிக்கு அனுமதி வாங்கி சினிமாவுக்குப் போனது, கொலைகள் நிறைந்த படத்தைக் காட்டிப் பிஞ்சு நெஞ்சில் நஞ்சை விதைத்தது, அதனால் மாணவியர் பெரியவர்களை மதிக்காமல் போனது என்று மூன்று குற்றங்களை வரிசையாக எழுதி, நகலை ஆறு இடங்களுக்குப் போட்டிருந்தார்.

கோப்பு வைத்தேன். "பேசுக" வந்தது. போனேன்.

படத்துக்கு என்ன சான்றிதழ் என்று கேட்டார். பெற்றோர் வழிகாட்டுதலோடு குழந்தைகள் பார்க்கலாம் என்ற சான்றிதழ், டீச்சர்கள் நான்கு பேர் கூட இருந்திருக்கிறார்கள் என்றேன். ஆசிரியர் பெற்றோர் ஆவாரா என்று யோசித்தார். மாதா பிதா குரு என்று சேர்த்துத்தானே சொல்லுகிறோம் என்று நான் மெல்லச் சொன்னேன். "சேத்துத்தாம்வே சொல்லுதோம். ஆனா வரிசைல மூணாவது" என்றார். பிறகு மாம்பழம் பற்றிப் பேசினார். நான் எழுந்தபோது, யாராவது படத்தைப் பார்த்தால்தான் தெரியும், இல்லையா என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். அந்த யாராவது நான் என்று புரிந்துகொண்டேன்.

படம் அதே தியேட்டரில் காலைக் காட்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகப் பணி என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனேன். அன்றைக்கும் அருவிகளில் தடை என்பதால் தியேட்டர் நிறைந்திருந்தது. தலையில் எண்ணெயும் தோளில் ஈரத் துண்டுமாக மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வந்த ஆட்கள். நான் மடியில் தாளை வைத்து, பேனா விளக்கு வெளிச்சத்தில் கட்டம் போட்டேன்: வரிசை எண், கொன்றவர், கொல்லப்பட்டவர், முறை, குறிப்பு. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, நான் படத்தின் பங்குதாரரா என்று கேட்டார்.

முதல் அரை மணி நேரம் கட்டம் ஒழுங்காக நிரம்பியது. இயந்திர மனிதர்களைச் சேர்ப்பதா என்ற சந்தேகத்தில் அவர்களுக்குத் தனிப் பத்தி போட்டேன். கதை இதுதான். ஒரு ஊரில் அணை உடைந்து வெள்ளம் வருகிறது. செம்பருந்து எல்லோரையும் காப்பாற்றுகிறான். பிறகு அரிசி, கம்பளி, மருந்து எல்லாம் கொடுக்கிறான். எல்லாவற்றிலும் பருந்துச் சின்னம். கொஞ்ச நாளில் அந்தச் சின்னத்தை வாசல் கதவில் ஒட்டாதவர்களைத் துரோகி என்கிறான். அலைமகள் தண்ணீரில் தத்தளிப்பவனின் வீட்டுக் கதவில் சின்னம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கை கொடுக்கிறாள். கடைசியில், தன் அப்பாவை வெள்ளத்தில் இழந்த ஒரு சிறுமி கண்டுபிடிக்கிறாள்: முதலில் அணையை உடைத்ததே செம்பருந்துதான். காப்பாற்றுவதற்கு ஆள் வேண்டுமே.

அந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். என் அறிக்கையில் கடைசி இருபது நிமிடச் சாவுகள் குத்துமதிப்பானவை. இத்தனை வருடம் கழித்து அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. விளக்கு போட்ட பிறகும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டு, "படம் வன்முறைக் காட்சிகளைக் கொண்டுள்ளது" என்று எழுதினேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கு விசாரணைக்குப் போனேன். ஊர் எல்லையில் ஒரு ஓடை. அதன் மேல் பாலம் இடிந்து கிடந்தது. பக்கத்தில் இரும்புப் பலகைகளால் ஒரு நடைபாலம். அதைவிடப் பெரிதாக ஒரு பெயர்ப்பலகை: பள்ளி மாணவியர் நலனுக்காக அன்பளிப்பு, கீழே நோட்டு அண்ணாச்சியின் படம்.

அருவிக்குப் பதில் தியேட்டருக்குப் போகத் தலைமையாசிரியையிடம் போனில் அனுமதி கேட்டதாக டீச்சர் சொன்னார். தனக்கு நினைவில்லை என்று தலைமையாசிரியை எழுதிக் கொடுத்தார். தெய்வக்கனி டீச்சர் ஐம்பது வயதை நெருங்கியவர், ஒல்லியான உருவம். பதில்கள் சுருக்கமாக இருந்தன. பிள்ளைகள் பயந்தார்களா என்று கேட்டேன். "பயப்படல சார். திரும்பி வரும்போது பஸ் பூரா ஒரே வாதம். அலைமகள் நல்லவளா கெட்டவளான்னு. என் வகுப்புல இப்பிடி ஒருநாளும் அவங்க பேசுனது கெடையாது" என்றார்.

பெரியவர்களை மதிக்காத மாணவி யார் என்று கேட்டேன். ஏழாம் வகுப்பிலிருந்து இசக்கிப்பிரியா என்ற பிள்ளையைக் கூப்பிட்டார்கள். எண்ணெய் வழிய இரட்டைச் சடை. பயந்ததாகத் தெரியவில்லை, பெரிய வகுப்புக்குள் தவறி வந்துவிட்ட மாதிரி நின்றாள். படத்துக்கு மறுவாரம் நடந்த நோட்டு வழங்கும் விழாவில் அவள் அண்ணாச்சியிடம் ஏதோ கேட்டுவிட்டாளாம். என்ன கேட்டாய் என்றேன்.

"பாலத்தப் பத்திக் கேட்டேன் சார். போன வருசம் அண்ணாச்சி லாரி ஜல்லி ஏத்திட்டுப் போவும்போதுதான் பாலம் இடிஞ்சுச்சு. நான் பாத்தேன், எங்க வீடு அங்கனதான் இருக்கு. இப்ப அவுகளே பலகை போட்டுக் குடுத்திருக்காவ. அதான், படத்துல செம்பருந்து பண்ணுத மாதிரியா அண்ணாச்சின்னு கேட்டேன்."

"கேலியாவா கேட்ட?"

"இல்ல சார். தெரியாமத்தான் கேட்டேன்."

அவள் கேட்டதில் தப்பில்லை. எல்லோரும் சிரித்ததுதான் தப்பாகிவிட்டது. மேடையில் இருந்த பஞ்சாயத்துக்காரர்கூடச் சிரித்தாராம். புகாரில் கொலை பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. பாலம் பற்றி ஒரு எழுத்து இல்லை.

சொன்னதை எழுதிக் கொடுக்கச் சொன்னேன். தன் நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து, குண்டு குண்டாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இலவச நோட்டு. தாளின் மூலையில் அண்ணாச்சி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தாளை முப்பத்தெட்டாம் பக்கமாகக் கோப்பில் சேர்த்து, புகாருக்கு உள்நோக்கம் இருப்பதாகக் குறிப்பு எழுதி வைத்தேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய நேரான குறிப்புகளில் அது ஒன்று. பச்சை மையில் திரும்பி வந்தது: "பேசுக".

அன்றைக்கு அய்யா மாம்பழம் பேசவில்லை. முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"சின்னப் புள்ளயளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நாளைக்கி இது வெளிய போச்சுன்னா அந்தப் புள்ள பேருல்லாவே கெட்டுப்போவும்? நமக்கு ஒண்ணுமில்ல. அதுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

பிறகு என் ஓய்வூதியக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தார். கையெழுத்துக்கு அவரிடம்தான் வரும்.

நான் இருக்கைக்கு வந்து முப்பத்தெட்டாம் பக்கத்தை எடுத்தேன். முப்பத்தொன்பதிலிருந்து ஐம்பத்திரண்டு வரை எண்களைச் சிவப்பு மையில் திருத்தினேன். குறிப்பை வேறு மாதிரி எழுதினேன். பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. அதனால்தான் வசதியாக இருந்தது. தாளைக் கிழித்துப் போட மனம் வரவில்லை, கோப்பில் வைக்கத் தைரியம் வரவில்லை. ஒரு உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பாலமும் கேள்வியும் போன பிறகு கோப்பில் மிஞ்சியது ஒரு ஆசிரியை, ஒரு வன்முறைப் படம், மீறப்பட்ட ஒரு அனுமதி. வேலையே போகிற அளவுக்குத் தண்டிக்க வழி வைக்கும் பதினேழு பி விதியின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை போயிற்று. டீச்சர் பதிலில் மாணவியின் வாக்குமூலத்தைப் பார்க்கும்படி கேட்டிருந்தார். அப்படியொன்று கோப்பில் இல்லை என்று பதில் போயிற்று. வரைவு என்னுடையது. ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம், ஆலங்குளத்துக்கும் அப்பால் ஒரு கிராமத்துக்கு இடமாறுதல். வெள்ளம் ஓடிய அருவிக்கு எண்பத்தாறு பிள்ளைகளைக் கூட்டிப் போனது பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்கு அனுமதி இருந்தது.

பணிநீக்கம் வரை போயிருக்க வேண்டியது, நீங்கள்தான் குறைத்தீர்கள் என்று அலுவலகத்தில் என்னிடம் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், டீச்சர் என்றைக்காவது வந்து நன்றி சொல்வார் என்றுகூட எதிர்பார்த்தேன். என் ஓய்வு விழாவில் கல்விப் புரவலர் என்ற முறையில் நோட்டு அண்ணாச்சி வந்து சால்வை போட்டு, நேர்மையான அதிகாரி என்று பேசினார். சால்வை நல்ல கனம். குளிர்காலத்துக்கு உதவும் என்று என் மனைவி எடுத்து வைத்தாள்.

ஓய்வு பெற்று எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெய்வக்கனி டீச்சர் குத்துக்கல்வலசையில் என் வீட்டுக்கு வந்தார். நன்றிக்குத்தான் என்று ஒரு நொடி நினைத்தேன். கையில் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய கோப்பு நகல் இருந்தது. மேல்முறையீடு செய்திருக்கிறார். பக்கங்களைத் திருப்பி, முப்பத்தெட்டிலிருந்து ஒவ்வொரு எண்ணும் அடித்துத் திருத்தப்பட்டிருப்பதைக் காட்டினார். ஆங்கிலப் பரீட்சைத் தாள் திருத்துகிறவர். அவர் கண்ணுக்கு இது தப்புமா?

"உங்களக் குத்தம் சொல்ல வரல சார். அந்தத் தாள் இருக்கா?"

எப்போதோ பார்த்தது, தேடிப் பார்க்க வேண்டும், இரண்டு மூன்று நாள் ஆகும் என்று அலுவலகப் பாஷையில் ஆரம்பித்தேன். காபி கொண்டுவந்த என் மனைவி, "பீரோல காக்கிக் கவர்ல இருக்கே, அதுவா?" என்று கேட்டாள். எடுத்தும் வந்துவிட்டாள்.

டீச்சர் தாளை முழுதும் படித்தார். அந்தப் பிள்ளைக்கு இதனால் கெட்ட பெயர் வரக்கூடாது என்றுதான் எடுத்தேன் என்றேன். அப்போதுதான் அவர் குரல் மாறியது. "அவளுக்கு என்ன கெட்ட பேரு சார்? நான் மாறுதல்ல போன அன்னைக்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா. நான் கேட்டது தப்பா டீச்சர்னு கேட்டா. இல்லன்னேன். அப்ப ஒங்கள ஏன் அனுப்புதாங்கன்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல?"

என் மனைவி உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

தாளோடு ஒரு கடிதமும் வேண்டும் என்றார் டீச்சர். அது எங்கிருந்து வந்தது, ஏன் கோப்பில் இல்லை என்று. கோப்பிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்தேன் என்று என் கையால் எழுதினால் என்ன ஆகும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஓய்வூதியத்தில் கை வைக்கலாம். அதற்கான குறிப்பாணையின் மாதிரிப் படிவம்கூட எனக்கு மனப்பாடம். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடுவதிலேயே பத்து நிமிடம் போக்கினேன்.

பிறகு எழுதினேன். அவர் வாங்கிப் படித்து, ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "மேற்படி பக்கம் கோப்பிலிருந்து விடுபட்டுள்ளதாகத் தெரிய வருகிறது" என்று இருந்தது.

"யாருக்கு சார் தெரிய வருது?" என்றார். கோபமில்லை. பிழை திருத்துகிற குரல்தான்.

அடித்துவிட்டு, "மேற்படி பக்கம் அகற்றப்பட்டது" என்று எழுதினேன். அவர் தாளைத் திருப்பித் தரவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை, "அந்தப் பக்கத்தை நான் எடுத்தேன்" என்று எழுதினேன். அரசுத் தமிழில் அத்தனை வருடம் எழுதியும் 'நான்' என்று போட்டு நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்கள் மட்டும்தான். யார் சொல்லி எடுத்தேன் என்று எழுதவில்லை. எழுதவும் முடியாது, யாரும் சொல்லவில்லையே. அய்யா அந்த அளவுக்குத் திறமைசாலி.

எதிர்பார்த்தபடியே எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. என் பழைய அலுவலகத்திலிருந்து, என் வாக்கியங்களிலேயே. அனுப்பிய மறுநாள் மாரிச்செல்வி போன் செய்து, வேற மாதிரி எழுதத் தெரியல சார், மன்னிச்சுக்கிடுங்க என்றாள். ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு வரிப் பதில் அனுப்பினேன். அந்த மாதிரிப் பதிலுக்கு மேற்கொண்டு என்ன எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. இன்றுவரை ஒன்றும் வரவில்லை. வந்தாலும் வரட்டும்.

அய்யா பதவி உயர்வில் வேறு மாவட்டம் போய்விட்டார். ஓடையில் அரசாங்கம் புதுப்பாலம் கட்டிவிட்டது. நோட்டு இப்போதும் கொடுக்கிறார்கள். அண்ணாச்சியின் படம் பின் அட்டைக்குப் போயிருக்கிறது என்று கேள்வி. இசக்கிப்பிரியா தென்காசியில் பதினொன்றாவது படிக்கிறாள்.

மேல்முறையீட்டில் டீச்சரின் தண்டனை ரத்தானது. உத்தரவின் நகலை அவர் வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை. அரசு உத்தரவுகளின் தலைப்பில் 'பார்வை' என்று ஒரு பகுதி இருக்கும். எந்தெந்தக் கடிதங்களைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தோம் என்று எண் போட்டுச் சொல்கிற இடம். பிறர் கடிதங்களை அங்கே வரிசைப்படுத்தியே என் காலம் போயிற்று. அந்த உத்தரவில், மூன்றாவதாக மாணவி இசக்கிப்பிரியாவின் வாக்குமூலம் என்று இருந்தது. அதற்குக் கீழே, நான்காவதாக, என் பெயர் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன்.